1893-ல் டர்பனிலிருந்து பிரிட்டோரியா செல்ல ஏன் பல இரவுகள் ஆயின?

தென்னாப்பிரிக்காவில் காந்தி டர்பனில் ஏறிய ரயிலிலேயே நேராகப் பிரிட்டோரியா சென்றிருக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. டர்பனில் எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் இதையே கேட்பார்கள்.

அப்போது, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியின் ரயில் பாதை எல்லையருகே உள்ள சார்ல்ஸ்டவுனுடன் முடிந்தது. அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை குதிரை வண்டிதான், அதுவும் வழியில் ஸ்டாண்டர்ட்டனில் ஓர் இரவு தங்கியே சென்றது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியாவுக்கு மறுபடி ரயில். ஆகவே, தடையின்றிச் சென்றவர்களுக்கும் இரவுத் தங்கல் உறுதி.

சார்ல்ஸ்டவுனுக்கு முன்பே வரும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் கழிந்த இரவு அந்தக் கணக்கில் சேராது. ஜூன் 7 அன்று, முதல் வகுப்புச் சீட்டு கையில் இருந்தும், வெள்ளையர் அல்லாதவர் என்பதால் அவர் அங்கே இறக்கிவிடப்பட்டார். ஜூன் இங்கே குளிர்காலம் என்பதை இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. மேலங்கி இருந்த பெட்டியை ரயில்வே ஊழியர்கள் எடுத்து வைத்திருந்தார்கள். அதைக் கேட்டால் மீண்டும் அவமதிப்பார்களோ என்று கேளாமல், விளக்கில்லாத காத்திருப்பு அறையில் நடுங்கியபடியே அமர்ந்திருந்தார்.

காலையில் தந்திகள் பறந்தன. மாலை ரயிலில் அவருக்குப் படுக்கை இடம் ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் ரயிலில் விரிப்புக்குத் தனியே ஐந்து ஷில்லிங் கட்ட வேண்டும். டர்பனில் வேண்டாமென்று மறுத்த அந்த விரிப்புச் சீட்டை அவர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வாங்கிக்கொண்டார். எனக்கு இந்தச் சிறு செய்திதான் மனதை மிகவும் தொடுகிறது.

அந்த நிலையத்தின் நடைமேடையில் இன்றும் நினைவுப் பலகை இருக்கிறது.