கவனம் ஏன் கலைகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரைச்சலான கூட்டத்தில் நண்பரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சுற்றியிருப்பவர்களின் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. ஆனால் மூலையில் யாரோ என் பெயரைச் சொன்னதும் தலை தானாகத் திரும்புகிறது. எப்படி?

பதில்: காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. அதில் எது உங்கள் நினைவுக்கு எட்ட வேண்டும் என்பதை மூளை தீர்மானிக்கிறது. 1953இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் காலின் செர்ரி இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கவிட்டு, ஒரு காதில் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதுகூடக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. ஆண் குரல் பெண் குரலானது மட்டும் தெரிந்தது. 1959இல் உளவியலாளர் நெவில் மோரே அந்தக் காதில் கேட்பவரின் பெயரையே நுழைத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் அது உறைத்தது. ஆகவே உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம்: தலை திரும்பாமல் போன தடவைகள் உங்களுக்குத் தெரியவே வழியில்லை.

கேள்வி: அலுவலகக் கூட்டத்தில் இருந்தபடியே மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிவிடுவேன். இரண்டும் ஒழுங்காகத்தான் நடக்கின்றன. இதில் என்ன தவறு?

பதில்: ஒழுங்காக நடப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள், உடன் இருந்தவர்களையும் கேட்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 1 முதல் 10 வரை எழுதுங்கள். அடுத்து அ முதல் ஒ வரை. மொத்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, இப்போது மாற்றி மாற்றி எழுதுங்கள்: 1, அ, 2, ஆ, 3, இ... எழுதுவது அதே இருபதுதான். ஆனால் 'ஊ'வை நெருங்கும்போதே பேனா தயங்கும். ஒவ்வொரு தாவலிலும், நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப்பகுதி ஒரு வரிசையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை விட்ட இடத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. நடந்துகொண்டே பேச முடிகிறதே என்பீர்கள். பழகிய நடைக்கு அதிக மேற்பார்வை தேவையில்லை. இருட்டில் படி இறங்கும்போது பேச்சு தானே நின்றுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி: மனிதனின் கவனம் 8 வினாடிதான் நிற்குமாம், தங்கமீனுக்கு 9 வினாடியாம். உண்மையா?

பதில்: இல்லை. அந்த எண்களுக்குப் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் கிடையாது. படிவம் நிரப்ப ஐந்து நிமிடம் உட்கார முடியாதவர் சதுரங்கப் பலகையின் முன் மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பார். இதில் எதை அவருடைய கவன அளவு என்று சொல்வது?

கேள்வி: புத்தகத்தில் கண் ஓடுகிறது, பக்கம் முடிந்ததும் பார்த்தால் மனதில் ஒன்றுமில்லை. வயதாகிவிட்டதா?

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். மனம் இப்படி அலைவது இளைஞர்களிடம்தான் அதிகம். வெளிவேலையின் பிடி தளர்ந்ததும், பழையதைப் புரட்டுவதிலும் நாளையைத் திட்டமிடுவதிலும் ஈடுபடும் சில மூளைப்பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. அதை அடக்க முயல்வதைவிட, ஒரு துண்டுக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிக்காத வேலைதான் அடிக்கடி வந்து கதவைத் தட்டும். அதை எப்போது செய்வது என்று முடிவு செய்துவிட்டாலே தட்டல் குறைகிறது. 'பில்' என்று மட்டும் எழுதினால் போதாது. 'மாலை 6 மணி, பில்' என்று எழுதுங்கள்.