மருதி இருக்கட்டும், ரகசியத்தை இறக்கி வையுங்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "நானும் கணவரும் பிரிந்து எட்டு மாதமாகிறது. சென்னையை விட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டோம். எட்டு வயது மகள், ஆற்றங்கரை மருத மரத்தில் 'மருதி' என்று ஒரு சிநேகிதி இருப்பதாகச் சொல்லி, தின்பண்டத்தில் பாதியை அவளுக்கு எடுத்து வைக்கிறாள். பள்ளியில் அப்பா கப்பலில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் வளவில் இருக்கும் தோழிக்கு உண்மை தெரிந்து, 'பொய்க்காரி' என்று பேச்சை நிறுத்திவிட்டாள். மகளைக் கேட்டால், 'எனக்கும் மருதிக்கும் ரகசியம் இருக்கு' என்கிறாள். பிரிந்த விஷயத்தை வெளியில் சொல்லாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். என்ன செய்வது?"

உங்கள் கடைசி வரியில்தான் எல்லாம் இருக்கிறது. சொல்லாதே என்று ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டீர்கள், பள்ளியில் ஒருத்தி 'ஒங்க அப்பா எங்கட்டி?' என்று கேட்கிறாள், உண்மையைச் சொல்லக் கூடாது, சும்மாவும் நிற்க முடியாது, அப்போது அந்தப் பிள்ளை ஒரு கப்பலைக் கட்டிக்கொண்டாள். உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு அது. திட்டிவிடாதீர்கள்.

மருதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் மார்ஜோரி டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஒரு கட்டத்திலாவது கற்பனைத் தோழமை வைத்திருந்த பிள்ளைகள் சுமார் 65 சதவீதம். அது கற்பனை என்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். என்னிடம் வந்த ஒரு பையன், நாற்காலியில் அவனுடைய புலி இருப்பதாகச் சொன்னான். நான் மெதுவாக நாற்காலியை நகர்த்தியதும், என்மேல் இரக்கப்பட்டு, 'சும்மா வெளாட்டுதான் டாக்டர்' என்று காதோரம் சொன்னான். ஆனால் மருதி அவளை மிரட்டுவதாக, யாரையாவது காயப்படுத்தச் சொல்வதாகச் சொன்னாலோ, தூக்கம், சாப்பாடு கெட்டாலோ, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-லும் பேசலாம்.

இப்போது முதல் வேலை, ஆச்சியிடம் பேசுவது. நீங்கள் ஒன்று சொல்லி, அவர் 'வெளிய தெரிஞ்சா அசிங்கம்லா' என்று சொன்னால் பிள்ளை நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு சாயங்காலம் படித்துறையில் அவள் பக்கத்தில் உட்காருங்கள், எதிரே வேண்டாம், இரண்டு பேர் காலும் தண்ணீரில் கிடந்து மீன் கடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சு தானாக வரும். 'அப்பாவும் நானும் இனி தனித்தனி வீட்டுலதான் இருப்போம். அதுக்கு நீ காரணம் இல்ல. இதை நீ மறைக்க வேண்டாம், சொல்லப் பிடிக்கலைன்னா சொல்லாமலும் இருக்கலாம்' என்று சொல்லுங்கள். யாராவது கேட்டால் சொல்ல ஒரு வரியும் கொடுங்கள்: 'அப்பா சென்னையில இருக்காங்க, நாங்க ஆச்சி வீட்டுல இருக்கோம்.' அத்தனையும் உண்மை. வகுப்பு டீச்சர் காதிலும் போட்டு வையுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறொன்று. வீட்டுக்காக ஒரு ரகசியத்தைக் காத்துப் பழகிய பிள்ளை, வேறு யாராவது 'சொல்லாதே' என்றாலும் காத்துவிடும். பிறந்தநாள் பரிசை மறைப்பது இரண்டு நாளில் முடிந்துவிடும், அது சரி. முடிவே இல்லாத ரகசியம், பயமுறுத்திக் காக்கச் சொல்லும் ரகசியம், உடம்பைத் தொட்டதை மறைக்கச் சொல்லும் ரகசியம், சொந்தக்காரரே சொன்னாலும் உங்களிடம் சொல்ல வேண்டும், சொன்னால் திட்டு விழாது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். மருதியின் ரகசியத்தைத் தோண்டாமல், 'அதை நெனச்சா வயித்துக்குள்ள பயமா இருக்கா?' என்று ஒருமுறை கேளுங்கள். இருக்கிறது என்றால் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, அப்படி ஏதாவது நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

தோழி விஷயத்தில், இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். 'கப்பல்னு சொன்னது நெசமில்ல, எனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியல' என்று அவளே சொல்லட்டும், எப்போது என்பதும் அவள் இஷ்டம். அதுவரை, மொட்டை மாடித் தட்டட்டியில் அப்பளம் காயும்போது காக்கா விரட்ட இரண்டு பேரையும் சேர்த்து அனுப்புங்கள்.

தார்சாவில் மருதிக்கு வைத்த பனங்கிழங்கில் எறும்பு மொய்த்தால், எடுத்துப் போடுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.