60 வாட் பல்பு ஏன் முந்துகிறது?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 60 வாட், 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைத் தொடரிணைப்பில் போட்டேன். 60 வாட் நன்றாக எரிகிறது. 100 வாட் பல்பில் இழை மட்டும் மங்கலாகச் சிவக்கிறது. பல்பு கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. பல்பில் அச்சிட்டிருக்கும் வாட், முழு 230 வோல்ட்டும் அந்த ஒரு பல்புக்கே கிடைத்தால்தான் செல்லுபடியாகும். தொடரிணைப்பில் அதை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எதற்கு மின்தடை அதிகமோ அதற்கே பெரிய பங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் மின்தடை. 230 × 230 = 52,900. இதை 60-ஆல் வகுத்தால் சுமார் 882 ஓம், 100-ஆல் வகுத்தால் 529 ஓம். வாட் குறைந்த பல்புக்குத்தான் தடை அதிகம். பலரும் சறுக்குவது இங்கேதான். மொத்தத் தடை 1,411 ஓம், மின்னோட்டம் 0.163 ஆம்பியர். பாதை ஒன்றே என்பதால் இரண்டிலும் ஓடுவது இதே அளவு. 60 வாட் பல்புக்கு 144 வோல்ட், மற்றதற்கு 86 வோல்ட். திறன் முறையே 23 வாட், 14 வாட்.

நேரில் வித்தியாசம் இதைவிடப் பெரிதாகத் தெரியும். டங்ஸ்டன் இழையில் சூடு குறைந்தால் தடையும் குறையும். அரைகுறையாகச் சூடேறும் 100 வாட் இழையின் தடை 529 ஓமுக்கு வெகு கீழே போய்விடும். அதன் வோல்ட் பங்கு மேலும் சுருங்கும். பக்க இணைப்பில், அதாவது இரண்டையும் தனித்தனியாக மின்சாரத்தோடு இணைத்துப் போட்டால், இரண்டுக்கும் முழு 230 வோல்ட். அப்போது 100 வாட்தான் முந்தும். மாணவர்கள் இதை வீட்டு மின்சாரத்தில் செய்ய வேண்டாம். வெவ்வேறு வாட் கொண்ட இரண்டு 12 வோல்ட் இழை பல்புகளும் ஒரு பேட்டரியும் போதும்.

கேள்வி: 12 வோல்ட் அடாப்டரில் 9 வெள்ளை எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் சேர்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் (மின்தடையாக்கி) கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஏன்?

பதில்: ஒரே பாக்கெட்டில் வாங்கினாலும் எல்லா எல்.இ.டி.யும் ஒரே வோல்ட்டில் எரியாது. ஒன்று 3.0 வோல்ட்டில், இன்னொன்று 3.2-இல் என்று இருக்கும். பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்ட்தான். எனவே 3.0 வோல்ட்காரர் மின்னோட்டத்தைக் கூடுதலாக இழுப்பார். இழுத்தால் சூடாகும், சூடானால் அதற்குத் தேவையான வோல்ட் இன்னும் இறங்கும், மேலும் இழுக்கும். கடைசியில் அது போகும். பிறகு அதன் பங்கும் மீதி 8 தலையில் விழுகிறது.

மூன்று மூன்றாகத் தொடரில் கோத்து மூன்று வரிசையாக்குங்கள். ஒரு வரிசைக்குச் சுமார் 9.3 வோல்ட் போக மிச்சம் 2.7 வோல்ட். அதற்கு 150 ஓம் கொடுத்தால் 18 மில்லி ஆம்பியர் ஓடும். சாதாரண 5 மி.மீ. எல்.இ.டி.க்கு அது சரியான அளவு. வரிசைக்கு ஒரு ரெசிஸ்டர் கட்டாயம், கால் வாட் ரெசிஸ்டரே தாராளம். அடாப்டரிலிருந்து போகும் மொத்தம் 54 மில்லி ஆம்பியர்தான். ஒன்பதையும் பக்க இணைப்பில் போட்டால் அதே வெளிச்சத்துக்கு 162 ஆகியிருக்கும்.

கேள்வி: மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து பேட்டரியின் இரு முனையில் தொட்டதும் மீட்டர் ஃபியூஸ் போய்விட்டது.

பதில்: ஆம்பியரில் வைத்த மல்டிமீட்டர் ஓர் அம்மீட்டர். அதன் உள்தடை மிகவும் குறைவு. பேட்டரிக்கு நேராக வைத்தால் அது ஷார்ட் சர்க்யூட்தான். மின்னோட்டம் அளக்க ஒயரைப் பிரித்து நடுவில், தொடரில் வையுங்கள். வோல்ட் அளக்க மட்டுமே பக்க இணைப்பில்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் எப்படி ஷார்ட்டைக் காட்டுகிறது? அயர்ன் பாக்ஸைச் செருகினால் அதுவும் ஷார்ட் போலவே எரிகிறதே?

பதில்: சீரிஸ் போர்டில், மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயர் ஒரு 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் பிளக் பாயிண்டுக்கு வரும். செருகிய சாதனத்தில் ஷார்ட் இருந்தால் 230 வோல்ட்டும் பல்புக்கே போய் முழுதாக எரியும். மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டாததால் ஃபியூஸும் போகாது. உள்ளே ஒயர் அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது.

ஆனால் 1000 வாட் அயர்னின் தடை 53 ஓம்தான். பல்பின் 529 ஓமுக்கு முன் அது பத்தில் ஒரு பங்கு. அதனால் பல்புக்கு 209 வோல்ட் கிடைக்கிறது, அயர்னுக்கு 21 மட்டும். கண்ணுக்கு இது ஷார்ட் போலவே தோன்றும். நல்ல அயர்னைப் பிரித்துப்போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஹீட்டர் வகைச் சாதனங்களில் பல்பை மட்டும் நம்பாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் இரு பின்களுக்கும் நடுவே மல்டிமீட்டரால் ஓம் பாருங்கள். 50 ஓம் அருகே காட்டினால் சூடேற்றும் எலிமெண்ட் நன்றாக இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால்தான் ஷார்ட். போர்டில் குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி. பல்பு போட்டால் இந்தச் சோதனையை நம்ப முடியாது.