ஏசி குழாய்க்குள் நெட்வொர்க் கேபிளை விடலாமா?

குளிர்காற்றைக் கொண்டுபோகும் டக்டட் ஏசி குழாய் கூரைக்குள் ஓடி எல்லா அறைக்கும் போகிறது, அதற்குள்ளேயே நெட்வொர்க் கேபிளையும் கேமரா வயரையும் விட்டுவிட்டால் சுவரை உடைக்க வேண்டாமே, குறைந்த வோல்ட்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து விடாதீர்கள். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அலாரம், கேமரா, நெட்வொர்க் வயரிங் வேலை செய்கிறவன். இதே கேள்வியை மாதம் ஒருவராவது கேட்கிறார்கள்.

12 வோல்ட் கேமரா வயர் ஷாக் அடிக்காது, சரி. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ முறையில்கூட ஏறத்தாழ 50 வோல்ட்தான். நான் பயப்படுவது புகைக்கு. சாதாரணக் கேபிளின் மேலுறை பிவிசி. அது எரிந்தால் கறும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். கண்ணிலும் தொண்டையிலும் ஈரம் பட்டதும் அது அமிலமாகிவிடும். குழாய்க்குள் எரிந்தால் ஏசியின் விசிறியே அந்தப் புகையைப் பிள்ளைகள் தூங்கும் அறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அமெரிக்க வீடியோக்களில் 'பிளீனம் கேபிள்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தீ மெதுவாகப் பரவும், புகை குறைவாக வரும் கேபிள் அது. காற்று திரும்பிப் போகும் சீலிங் இடைவெளி போன்ற இடங்களுக்காகச் செய்தது. அதை வாங்கிவிட்டால் ஏசி குழாயையே கேபிள் பாதையாக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

சரி, குழாய்க்கு வெளியே எப்படிக் கொண்டுபோவது? இதில் நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் சாட்ஸ்வொர்த்தில் ஒரு அக்கா வீட்டில், கேபிள் தொங்காமல் இருக்கட்டும் என்று வளையும் ஏசி குழாயோடு சேர்த்துக் கேபிள் டை போட்டு இறுக்கிவிட்டேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது. பிப்ரவரியில், இங்கே கோடைகாலம், அக்கா கூப்பிட்டார்கள்: "தம்பி, சாமி விளக்குக்கு மேலே சீலிங்கில் தண்ணீர் ஊறுது, வந்து பாருங்க." மேலே ஏறிப் பார்த்தால், டை இறுகிய இடத்தில் எல்லாம், குளிர் வெளியே வராமல் குழாயைச் சுற்றியிருக்கும் கண்ணாடி நார் நசுங்கிப்போய், வெளிப்பக்கம் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போவது 12, 14 டிகிரிக் காற்று. டர்பன் கோடையின் ஈரக்காற்று 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் அளவுக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விட்டுவிடும். நடுவில் இருக்கும் நார்தான் காவல், அதை நானே நசுக்கியிருந்தேன். கடைசி அறைக்குக் காற்றும் குறைந்திருந்தது. அந்த சீலிங் பலகையை நானே மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து குழாயில் எதையும் கட்டுவதில்லை, குழாய்மேல் எதையும் கிடத்துவதும் இல்லை.

கேபிளைக் கூரையின் மரச்சட்டத்தில் கிளிப் அடித்துக் கொண்டுபோங்கள், அல்லது பிவிசி கன்டியூட்டில், அதாவது வயருக்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் குழாயில், விடுங்கள். ஏசி குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். நாளைக்கு ஏசிக்காரர் குழாயைக் கழற்ற வந்தால் அவருக்கும் கை போக வேண்டுமே. தகரக் குழாயாக இருந்தால் அதன் வெட்டு விளிம்பு கத்தி மாதிரி. பக்கத்தில் போயே தீர வேண்டுமென்றால் கன்டியூட் கட்டாயம். கேபிளைச் சட்டென்று மடக்கக் கூடாது, கேட்6 கேபிளுக்கு வளைவின் ஆரம் அதன் தடிமனைப்போல் நான்கு மடங்காவது வேண்டும்.

ஏசி யூனிட்டுக்குப் போகும் 230 வோல்ட் வயரோடு ஒட்டி ஓடவிடாதீர்கள், ஒரே கன்டியூட்டிலும் போடாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகக் கடங்கள். அந்த 230 வோல்ட் வயரைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் சிஓசி, அதாவது வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ், தரக்கூடிய பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். லோட் ஷெடிங் என்று முறைவைத்து மின்வெட்டு செய்த காலத்தில் நம் ஊரில் நிறைய வீடுகளில் சோலார் போட்டார்கள். பேனலிலிருந்து இறங்கும் சிவப்பு, கறுப்பு வயர்கள் கூரைக்குள் கிடக்கும். ஸ்பீக்கர் வயர் மாதிரி தெரியும். வெயில் இருக்கும்வரை அதில் சில நூறு வோல்ட் டிசி ஓடலாம், டிபி போர்டில் (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில்) மெயினை அணைத்தாலும் போகாது. அதைத் தொடாதீர்கள், உங்கள் கேபிளை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

முந்தைய ஆள் ஏற்கெனவே குழாயில் ஓட்டை போட்டு வயர் விட்டிருந்தால், வயரை உருவிவிட்டு ஓட்டையை அலுமினிய ஃபாயில் டேப்பால் மூடுங்கள். துணி டக்ட் டேப் வேண்டாம். பேர்தான் அப்படி. 1998-லேயே கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பலவகை டேப்புகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதித்தார்கள், சீக்கிரம் விட்டுப்போனது அதுதான்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மேலே போங்கள், மரச்சட்டத்தில் மட்டும் கால் வையுங்கள். எல்லாம் முடிந்ததும் ஏசியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நீங்கள் நகர்ந்த பாதை முழுக்கக் குழாயைக் கையால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது ஈரம் தட்டுப்பட்டால் அங்கே நார் நசுங்கியிருக்கும் அல்லது உறை கிழிந்திருக்கும். அன்றைக்கே சரிசெய்துவிட்டு இறங்குங்கள்.