கண்காட்சி வீட்டைப் பார்த்து வந்ததும் சொந்த வீடு குடோன் மாதிரித் தெரிகிறதே!

கேள்வி: எனக்கு 62 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளைப் பார்க்க நியூஜெர்சி போயிருந்தபோது, மே மாதத்தில் ஒருநாள் நியூயார்க்கில் ஒரு வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாள். பல மாடி வீடு. டிக்கெட் வாங்கித்தான் உள்ளே விடுகிறார்கள். ஒவ்வொரு அறையையும் ஒவ்வொரு டிசைனர் அலங்கரித்திருந்தார். ஒரு அறை முழுக்கக் கரும்பச்சை, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஒரு படுக்கையறையில் சுவர், திரை, மெத்தை விரிப்பு எல்லாமே ஒரே பூப்போட்ட துணி. கைகழுவும் சின்ன அறையில் கூரையிலும்கூட வால்பேப்பர்! ஊருக்குத் திரும்பியதிலிருந்து எங்கள் வீடு குடோன் மாதிரித் தெரிகிறது. ஹாலுக்கு வால்பேப்பரும் பச்சை வெல்வெட் சோஃபாவும் போட ஆசை. மகள் ஒன்றரை லட்சம் அனுப்பியிருக்கிறாள். கணவரோ "யார் தூசி தட்டுவது?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். என்ன செய்யட்டும்?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்விதான். அப்படியே, இத்தனை வருடம் யார் தட்டினார்கள் என்பதையும் அவரிடம் ஒருதடவை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், போனது 'கிப்ஸ் பே' கண்காட்சி வீடாக இருக்கவேண்டும். 1973இல் தொடங்கியது. பிராங்க்ஸ் பகுதிப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஒரு மன்றத்துக்கு நிதி திரட்டத்தான் அந்த டிக்கெட். மன்ஹாட்டனில் காலியாகக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டைச் சில வாரங்களுக்கு இரவலாக வாங்கிக்கொண்டு, அறைக்கு ஒருவராக டிசைனர்களிடம் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். செலவு அவரவர் பொறுப்பு. நாற்காலி, விளக்கு, படம் என்று பாதிப் பொருள் கடைகளிலிருந்து இரவல் வந்தவை. இந்தக் கலர் வேண்டாம், மாமியாருக்குப் பிடிக்காது என்று சொல்ல அங்கே வீட்டுக்காரரும் கிடையாது. பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருவார்கள், பணக்கார வாடிக்கையாளர்கள் வருவார்கள். ஆகவே ஒவ்வொருவரும் தன் அறை பக்கத்து அறையைவிட உரக்கப் பேசவேண்டும் என்றுதான் பார்ப்பார். காட்சி முடிந்ததும் பொருளெல்லாம் லாரி ஏறிவிடும்.

நம்மூர்க் கொலு மாதிரிதான். ஒன்பது நாள் ஊரே வந்து பார்த்துவிட்டுச் சுண்டலோடு போகும், பத்தாம் நாள் பொம்மைகள் பெட்டிக்குள் போய்விடும். கொலு பார்த்துவிட்டு வந்து, ஹாலில் நிரந்தரமாக ஒன்பது படி கட்டப்போகிறேன் என்று யாரும் கிளம்புவதில்லை. அந்த வீட்டில் துணி காயப்போடும் கொடியைப் பார்த்தீர்களா? மாத்திரை டப்பா? தேதி கிழிக்கும் காலண்டர்? தண்ணீர் கேன்? அந்த அலங்காரத்தோடு அங்கே யாரும் ஒரு ராத்திரிகூடப் படுத்து எழுந்ததில்லை. அதனால் உங்கள் வீட்டை அதோடு ஒப்பிட்டு மனசு கஷ்டப்படாதீர்கள்.

சரி, உங்களை மயக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெல்வெட் சோஃபா வேண்டவே வேண்டாம். நாகையில் கடற்காற்றோடு வரும் மணலும் ஈரமும் அந்தத் துணியின் ரோமத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எழுந்து வராது. வால்பேப்பரை ஹாலில் ஒட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு முழம் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவைங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் நின்றால் சுவரில் ஓதம் இருக்கிறது. அங்கே காகிதம் ஒட்டினால் முதல் மழைக்காலத்திலேயே உப்பிக்கொண்டு வரும், அடியில் பூஞ்சை பிடிக்கும். முதல் செலவு ஓதத்துக்கு. அலங்காரம் அப்புறம். கரும்பச்சைப் பளபளப்பும் அப்படித்தான். சுவரில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டிவிடும். அதைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கக் கொடுக்கும் கூலியிலேயே உங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும்.

ஆனால் அந்தப் பூத்துணி அறை இருக்கிறதே, அதை விடாதீர்கள்.

அந்தப் பாணி கண்காட்சி வீடுகளில் ரொம்பப் பிரபலம். 1984இல் இதே கிப்ஸ் பேயில் மாரியோ புவாட்டா என்ற டிசைனர் ஒரு நீலப் படுக்கையறை போட்டார். விதானம் வைத்த கட்டில், பூத்துணி என்று அந்த அறையை இன்றைக்கும் பேசுகிறார்கள். 'சின்ட்ஸ் இளவரசர்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். 2018இல் காலமானார். இந்தச் சின்ட்ஸ் என்ன தெரியுமா? நம்முடைய சீட்டித் துணி! உங்கள் பாட்டி சீட்டிப் பாவாடை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதே சீட்டி.

அது போன கதையும் உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதைதான். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகை என்று சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்துதான் இந்தத் துணி ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1690இல் இந்தக் கரையில் தங்கள் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்ததற்கு முக்கியக் காரணமே துணி வியாபாரம்தான்.

துணியைக் கடுக்காயும் பாலும் கலந்து ஊறவைத்து, மூங்கில் எழுதுகோலால் பூவும் கொடியும் வரைவார்கள். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசல், கறுப்புக்கு இரும்பு. அப்புறம் சாயவேர்த் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். சாயவேர் என்பது நாட்டுவைத்தியர்கள் இம்பூறல் என்று சொல்கிற அதே செடியின் வேர், மணற்பாங்கான நிலத்தில் வளர்வது. நீலம் அவுரியிலிருந்து. துவைக்கத் துவைக்க மெருகேறுகிற இந்தச் சாயம் ஐரோப்பியருக்குப் புதுசு. பைத்தியமாக வாங்கினார்கள். அவர்கள் ஊர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களுக்குப் பிழைப்புப் போய்விடும் என்று பிரான்ஸ் 1686இல் இதைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. அப்புறம் அவர்களே அச்சடிக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் அதை ஆங்கிலேய வீட்டுப் பாணி என்று சொல்லிக்கொண்டார்கள். நீங்கள் கடல் தாண்டி, டிக்கெட் வாங்கிப்போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கோபம் வருகிறதா, சிரிப்பு வருகிறதா? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஹாலை விட்டுவிட்டு உங்கள் படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். கைஅச்சுப் பருத்தியோ கலம்காரியோ, பிடித்த ஒரே பூவில் முழுச் சுருளாக வாங்குங்கள். திரைக்கும் கட்டில் விரிப்புக்கும் தலையணைக்கும் நாற்காலி மெத்தைக்கும் அதே துணி. விதவிதமாகக் கலக்காமல் ஒன்றையே தாராளமாக எடுத்ததுதான் அந்த அறையின் சூட்சுமம். தைக்கக் கொடுக்குமுன் மொத்தத் துணியையும் நனைத்துக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் திரை கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். திரைக்கு உள்ளே வெள்ளை லைனிங் அவசியம், நாகை வெயில் எந்தச் சாயத்தையும் உறிஞ்சிவிடும். திரைக்கம்பியை ஜன்னல் சட்டத்தை ஒட்டி மாட்டாமல் அரை அடி மேலே, இரு பக்கமும் முக்கால் அடி அகலமாக மாட்டி, துணி தரையைத் தொடும்படி விடுங்கள். ஜன்னல் பெரிதாகத் தெரியும். மேலே லாஃப்ட் இடித்தால் அதற்கடியில் கூரையை ஒட்டியே மாட்டலாம். கழற்றித் துவைக்கிற துணி என்பதால் உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் ஆயிற்று.

கைகழுவும் அறை யோசனையையும் திருடலாம். டிசைனர்கள் துணிச்சலையெல்லாம் சின்ன அறையில் காட்டுவதற்குக் காரணம் உண்டு. அங்கே யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை, அதனால் கண் களைக்காது. உங்கள் வீட்டில் வாஷ்பேசின் இருக்கும் மூலையோ மாடிப்படி வளைவோ இருந்தால், அங்கே அடர்ந்த நிறத்தை அடித்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் ஒரு டப்பா பெயின்ட்டோடு போயிற்று.

ஹாலுக்கு? அங்கே ஒன்றே ஒன்றுதான், வெளிச்சம். அந்த வீட்டில் எங்கேயாவது டியூப்லைட்டைப் பார்த்த ஞாபகம் உண்டா? இருக்காது. முழங்கை உயரத்தில், முக உயரத்தில் என்று அங்கங்கே சின்ன விளக்குகள்தான் இருந்திருக்கும். நம் வீடுகளில் சுவரின் உச்சியில் ஒற்றை வெள்ளை டியூபை மாட்டி, ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆக்கிவிடுகிறோம். பல்பு அட்டையில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அந்த நீலவெள்ளை. 2700 அல்லது 3000 என்று கேட்டு வாங்குங்கள். சாயங்கால விளக்கொளி போல மஞ்சள் தட்டியிருக்கும். படிக்கவும் பீன்ஸ் நறுக்கவும் டியூப் இருக்கட்டும், அதை ஏன் கழற்றவேண்டும்? ஆறு மணிக்கு மேல் அதை அணைத்துவிட்டு, மூன்று மேசை விளக்கைப் போடுங்கள். பழைய சோஃபாவே போதும் என்று நீங்களே சொல்வீர்கள்.

ஒன்றரை லட்சம் முழுக்கச் செலவாகாது. மிச்சத்தை மகளிடம் திருப்பி அனுப்பவேண்டாம், கோபித்துக்கொள்வாள். முதல் வேலையாக எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சோஃபாவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஒன்றரை அடியில் பிளக் பாயின்ட் வைக்கச் சொல்லுங்கள். "அங்கே எதுக்கும்மா, டிவி இந்தப் பக்கம்ல இருக்கு?" என்று கேட்பார். வைக்கச் சொல்லுங்கள்.