அண்ணன் பெயரில் ஏன் எழுதுகிறீர்கள்?

கேள்வி: சீரியல் தயாரிப்பு அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்க்கிறேன். அறிவியல் புனைகதைத் தொடர்களுக்கு எழுத ஆசை. ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொடருக்கு எழுதிய டி. சி. ஃபான்டனாதான் எனக்கு முன்மாதிரி. அவரைப் போலவே நானும் பெண் என்பதை மறைத்து, அண்ணன் பெயரில் கதை கொடுத்தேன், ஒன்று விலைபோனது. பணம் அண்ணன் கணக்குக்கு வந்து வீட்டுச் செலவுக்குப் போகிறது. இந்தத் துறையில் எனக்கு எதிர்காலம் உண்டா?

பதில்: எதிர்காலம் பற்றி ஆறுதல் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பணம் அண்ணன் கணக்குக்கு வருவதாகப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

இதற்கு ஃபான்டனாவைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். படிப்பவர் பெண் எழுத்து என்று முன்கூட்டியே முடிவுகட்டக் கூடாது என்பதற்காக அவர் இட்டவை, டாரதி கேத்தரின் என்ற தம் சொந்தப் பெயரின் முதலெழுத்துகளும் தம் குடும்பப் பெயருமே. 1960இல், 21 வயதில், காரியதரிசியாக இருந்துகொண்டே ‘த டால் மேன்’ என்ற கௌபாய் தொடருக்கு முதல் கதையை விற்றார். பின்னர் ‘ஸ்டார் டிரெக்’கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் காரியதரிசியாக அத்தொடருக்கு வந்தவரிடம், சரியாக அமையாத ஒரு திரைக்கதை திருத்தி எழுதக் கொடுக்கப்பட்டபோது, சூலு என்ற பாத்திரத்துக்கென்று இருந்த காதலை, உணர்ச்சியை அடக்கியே வாழும் ஸ்பாக் என்ற பாத்திரத்துக்கு மாற்றினார், கதை உயிர்பெற்றது, 27 வயதில் அவர் அத்தொடரில் மற்றவர்களின் கதைகளைச் செப்பம் செய்யும் கதை எடிட்டரானார். அண்ணன் பெயரில் எழுதியிருந்தால் அந்தப் பதவி யாருக்குப் போயிருக்கும்?

மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்ற ஆண் பெயரையும் அவர் வைத்துக்கொண்டாரே என்பீர்கள். ‘ஸ்டார் டிரெக்’கின் மூன்றாம் பருவத்தில் தம் கதைகள் உருமாறிப்போனபோது, அவற்றோடு தமக்குச் சம்பந்தமில்லை என்று காட்ட இட்ட பெயர் அது. நீங்களோ பெருமைப்பட வேண்டிய எழுத்தையே கைகழுவுகிறீர்கள்.

வீட்டுக்குக் கொடுப்பது கடமை. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சம்பாதித்தவள் தன் கையால் கொடுக்கும்போதுதான் அவள் உழைப்பு வீட்டாருக்குத் தெரிகிறது. தங்கையின் எழுத்துக்கு வரும் காசோலையைத் தன் பெயரில் வாங்கிக்கொள்ளும் அண்ணன், எவ்வளவு பாசமுள்ளவராக இருந்தாலும், அண்ணனுக்குரிய கடமையைச் செய்யவில்லை. பெற்றோருக்கு இது தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மகன் தேர்ந்த வேலையை ஏற்க முடியாமல், தந்தையும் மகனும் 18 ஆண்டுகள் பேசிக்கொள்ளாத குடும்பத்தை 1967இல் எழுதியவர் நீங்கள் போற்றும் ஃபான்டனாதான். மனம்விட்டுப் பேசாத வீட்டில் என்ன நேரும் என்பதை அவர் எழுத்திலேயே நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வாரமே அண்ணனையும் பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். விற்ற கதை உங்களுடையது என்று அண்ணனே தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கட்டும். அடுத்த கதையில் முதலெழுத்துகளை மட்டும் போடுவதானால் போடுங்கள், தவறில்லை; ஆனால் அவை உங்கள் பெயரின் எழுத்துகளாக இருக்கட்டும், பணம் உங்கள் கணக்குக்கு வரட்டும். வீட்டுச் செலவுக்கு வேண்டியதை மாதாமாதம் அம்மாவிடம் நீங்களே கொடுங்கள்.