வில்னியசில் என்ன சாப்பிடலாம், எவ்வளவு ஆகும்: கேள்வி பதில்

லிதுவேனியாவின் தலைநகரான வில்னியசில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அதில் மூன்று வருடம் ஒரு மதியச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை பார்த்தேன். அதனால் உள்ளூர்ச் சாப்பாடு, அதன் விலை, எதைக் கேட்டு வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று என்னிடம் கேட்கலாம். 2015 ஜனவரியிலிருந்து இங்கே யூரோதான். ஒரு யூரோ சுமார் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு எளிது.

கேள்வி: அக்கா, நானும் மனைவியும் நாலு நாள் வருகிறோம். சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

ஆளுக்கு 25 முதல் 30 யூரோ இருந்தால் நிம்மதியாகச் சாப்பிடலாம். காலையும் இரவும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிச் சாப்பிட்டால் 15 யூரோவிலும் முடியும். ஆனால் எந்த வேளையை வெளியில் சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மதியம் சாப்பிடுங்கள்.

இங்கே 'தியேனோஸ் பியெதூஸ்' என்று ஒன்று உண்டு. அன்றைய மதியச் சாப்பாடு என்று பொருள். திங்கள் முதல் வெள்ளி வரை, பெரும்பாலும் 11 மணியிலிருந்து 3 மணிக்குள். வாசலில் ஒரு கரும்பலகை நிற்கும், அதில் அன்றைக்கு என்ன சூப், என்ன முக்கிய உணவு என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் சேர்த்து 7 முதல் 10 யூரோ. அதே கடையில் இரவு உட்கார்ந்தால் முக்கிய உணவு மட்டுமே 14, 16 ஆகிவிடும். மதியம் வருபவர்கள் பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் தினமும் வர வேண்டும் என்பதால் விலையை ஏற்ற முடியாது. நாங்களும் ஒரே பெரிய பாத்திரத்தில் சூப் வைத்துவிடுவோம், செலவும் குறைவு. 12 மணிக்குக் கூட்டம் சேரும், 2 மணிக்கு நல்லதெல்லாம் தீர்ந்துவிடும். அதனால் 11.30க்கே போய்விடுங்கள்.

இன்னொன்று. பழைய நகரத்தில் பிலியேஸ் தெருவில் நடக்கும்போது பசித்தாலும் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டு தெரு உள்ளே போங்கள். பிலியேஸ் அழகான தெருதான், பார்க்க வேண்டியதுதான். ஆனால் அங்கே தெருவுக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

கேள்வி: 2022இல் வந்தபோது இவ்வளவு இல்லையே? திடீரென்று ஏன் இந்த விலை?

உணவகங்களுக்கான மதிப்புக் கூட்டு வரியை 2021இல் தற்காலிகமாக 9 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அது மறுபடி 21 ஆனது. மாதக் குறைந்தபட்ச ஊதியமும் 2025இல் 1,038 யூரோ ஆகிவிட்டது. இரண்டும் சேர்ந்து பட்டியலில் ஏறின. பட்டியலில் போட்ட விலையில் வரி சேர்ந்தே இருக்கும், தனியாகக் கூட்ட மாட்டார்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'பெ ஸ்பிர்குச்சூ'. ஸ்பிர்குச்சேய் என்றால் பன்றிக்கொழுப்பைப் பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வறுத்தது. இந்த ஊரில் உருளைக்கிழங்கு உணவு எதன் மேலும் அதை ஊற்றிவிடுவார்கள். உள்ளே வெறும் தயிர்க்கட்டி வைத்த பண்டமாக இருந்தாலும் மேலே இது வந்து விழும். அதை அவர்கள் இறைச்சி என்று கணக்கில் எடுப்பதே இல்லை, தாளிப்பு மாதிரி. பட்டியலில் எழுதியிருக்காமலும் இருக்கலாம். 'பெ' என்றால் 'இல்லாமல்'. ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

நீங்கள் சாப்பிடக்கூடியவை, கூடாதவை: 'கெப்தா துவோனா', அதாவது கறுப்புக் கம்பு ரொட்டியை நீளமாக வெட்டி எண்ணெயில் பொரித்துப் பூண்டு தேய்த்தது. சீஸ் போட்டது 6 முதல் 8 யூரோ, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் சீஸோடு முட்டை சேர்ந்த மயோனைஸும் கலந்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கு அடையில் முட்டை சேர்ப்பது வழக்கம், கேளுங்கள். பீட்ரூட் போட்ட இளஞ்சிவப்புக் குளிர் சூப், 'ஷால்திபார்ஷ்சேய்', கெஃபிர் மோரில் பீட்ரூட், வெள்ளரிக்காய், வெங்காயத்தாள், சோயிக்கீரை போட்டுச் செய்வது. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். ஆனால் வேகவைத்த முட்டையை உள்ளேயே நறுக்கிப் போட்டிருப்பார்கள், அதனால் உங்களுக்கு ஆகாது. சூடான பீட்ரூட் சூப்பை நம்பாதீர்கள், பெரும்பாலும் எலும்புச் சாறில் வைத்ததாக இருக்கும்.

அப்புறம் சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனால் உங்கள் உலகமே வேறு. கெஃபிர், வர்ஷ்கே என்ற தயிர்க்கட்டி, கறுப்பு ரொட்டி, தக்காளி, வெள்ளரிக்காய். குளிர்சாதன அலமாரியில் விரல் நீளத்துக்குச் சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி மிட்டாய் இருக்கும், 'சூரேலிஸ்' என்று பெயர். ஒன்று ஒரு யூரோவுக்குள். குழந்தைகள் விட மாட்டார்கள்.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு?

மேசைக்கு வந்து பரிமாறினால் 10 சதவீதம். கட்டாயமில்லை. கவுன்டரில் வாங்கினால் வேண்டாம்.

கேள்வி: குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா?

தாராளமாக. நிலத்தடி நீர், நன்றாக இருக்கும். பாட்டில் எடுத்துக்கொண்டு வாருங்கள். உணவகத்தில் வெறுமனே "தண்ணீர்" என்றால் காசுக்கு விற்கும் பாட்டிலைத்தான் திறந்து வைப்பார்கள். வந்த புதிதில் எனக்கே ஒரு கடையில் அப்படி ஆனது, சூப் விலையும் தண்ணீர் விலையும் ஒன்றாக இருந்தது. குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் சில இடங்களில் ஜாடியில் தருவார்கள். கடையில் பாட்டில் வாங்கினால் 10 சென்ட் முன்பணம் சேர்த்துப் போடுவார்கள். காலி பாட்டிலைச் சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: கடைகளில் பீர் எந்நேரமும் கிடைக்குமா?

கிடைக்காது. கடைகளில் திங்கள் முதல் சனி வரை காலை 10 முதல் இரவு 8, ஞாயிறு மாலை 3 வரைதான். வயது 20 நிரம்பியிருக்க வேண்டும். உணவகங்களுக்கு இந்த நேரம் பொருந்தாது. அரை லிட்டர் 5 யூரோ அளவில். நான் குடிப்பது 'கிரா', கறுப்பு ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம். வெயில் காலத்துக்கு அதற்கு இணை இல்லை.

கேள்வி: நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டியலில் பார்க்க வேண்டிய சொற்கள்: 'யவுத்தியெனா' மாடு, 'கியவுலியெனா' பன்றி, 'விஷ்தியெனா' கோழி, 'அவியெனா' ஆடு. கொத்திறைச்சி என்று மட்டும் இருந்தால் பன்றியும் மாடும் கலந்திருக்கலாம், கேட்காமல் வாங்காதீர்கள்.

கேள்வி: திராகாய் கோட்டைக்குப் போகிறோம். அங்கே மதியம் என்ன சாப்பிடலாம் அண்ணி?

கிபினாய். வேறெதையும் யோசிக்காதீர்கள். அரை வட்டமாக, விளிம்பைக் கயிறு திரித்த மாதிரி மடித்துச் சுடும் பண்டம், நம் சோமாசியின் பெரிய உடன்பிறப்பு. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் லிதுவேனியாவை ஆண்ட பெருங்கோமகன் வீத்தவுத்தஸ் கிரிமியாவிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய கராயிம் மக்களின் உணவு. அவர்கள் பேசுவது துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தெருவை நோக்கி மூன்று சன்னல் வைத்த அவர்களின் மரவீடுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. ஆட்டிறைச்சியைக் கத்தியால் கொத்தி வெங்காயத்தோடு வைத்ததுதான் பழைய முறை, 'சூ அவியெனா' என்று கேளுங்கள். ஒன்று 3 முதல் 4 யூரோ, இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறையும். முதல் கடி சின்னதாக இருக்கட்டும், உள்ளே சாறு கொதிக்கும். வில்னியசிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். நிலையத்திலிருந்து கோட்டைக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஏரிக்கரையோரம் நடக்க வேண்டும், அந்த நடைக்குப் பிறகு கிபினாய் இன்னும் ருசிக்கும்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

மேலே சொல்லியிருக்கிறேன். பெ ஸ்பிர்குச்சூ.

கேள்வி: விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும்?

டெல்லியில் உள்ள லிதுவேனியத் தூதரகத்தைக் கேளுங்கள். சாப்பாடு மட்டும்தான் என் பக்கம்.

கேள்வி: செபெலினாய் என்கிறார்களே, இரண்டு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கு 10 யூரோவா? கிழங்கை வேகவைத்து மசித்து வீட்டில் பிடித்தால் அஞ்சு நிமிட வேலை.

இல்லை. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

செபெலினாய் மசித்த கிழங்கு அல்ல, பச்சைக் கிழங்கு. நாங்கள் காலை ஆறரை மணிக்குத் தொடங்குவோம். கிழங்கைத் தோல் சீவி, கூழாகிற அளவுக்கு நைசாகத் துருவ வேண்டும். துருவியதும் நிறம் மாறத் தொடங்கும், அதனால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. பிறகு துணியில் கட்டிப் பிழிய வேண்டும். என்னோடு வேலை செய்த மூத்த அம்மா ஒருவர் துணி முடிச்சை இரண்டு கையாலும் முறுக்கி, முழங்கையை இடுப்பில் ஊன்றிப் பிழிவார். பிழிந்த தண்ணீர் பழுப்பாக இருக்கும். அதைக் கொட்டக் கூடாது. அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடியில் ஒட்டியிருப்பதைக் கத்தி முனையால் வழித்தெடுத்துத் துருவலிலேயே திரும்பச் சேர்ப்பார். அதோடு கொஞ்சம் வேகவைத்து மசித்த கிழங்கு, உப்பு. உள்ளே இறைச்சியோ தயிர்க்கட்டியோ வைத்து, விரிசல் இல்லாமல் மூடி, மாவு கரைத்த கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைக்க வேண்டும். ஒரு விரிசல் இருந்தால் பானை முழுக்கக் கஞ்சியாகிவிடும். இது ஐந்து நிமிட வேலையா?

கேள்வி: சேலத்துக்காரன் நான். இது ஜவ்வரிசி ஆலை முறையேதான். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் விட்டுத் தெளியவைத்து, அடியில் படிகிற மாவைத்தான் எடுப்பார்கள்.

அதே தத்துவம்தான் அண்ணா. நான் ஈரோட்டுப் பக்கம். முதல் நாள் அந்த வெள்ளைப் படிவத்தைப் பார்த்ததும் எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஒரே வித்தியாசம், ஆலையில் மாவை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், இங்கே சக்கையும் மாவும் சேர்ந்தால்தான் பண்டம்.

கேள்வி: இது லிதுவேனிய உணவே இல்லை. போலந்திலும் இருக்கிறது, சாப்பிட்டிருக்கிறேன்.

வடகிழக்குப் போலந்தில் 'கர்தாச்சே' என்ற பெயரில் இருக்கிறது, உண்மை. எல்லை வந்தது பிறகு, அடுப்பு முன்பே இருந்தது. இங்கேயும் பழைய பெயர் 'திஜ்குகூலேய்', பெரிய உருண்டை என்று பொருள். செப்பலின் ஆகாயக் கப்பலின் வடிவம் என்பதால் பிறகு இந்தப் பெயர் வந்தது. பக்கத்து ஊரில் இட்லி அவிக்கிறார்கள் என்பதற்காக உங்கள் ஊர் இட்லி உங்களுடையது இல்லை என்று ஆகிவிடுமா?

கேள்வி: மசித்த கிழங்கில் சோளமாவு கலந்து செய்து பார்த்தேன், நன்றாகத்தானே வந்தது.

நன்றாக வந்திருக்கும். அது வேறு பண்டம். செபெலினாயை வெட்டினால் சாம்பல் நிறமாக, லேசாகப் பளபளத்து, கத்திக்குக் கொஞ்சம் இழுவை காட்ட வேண்டும். மசித்த கிழங்கு அப்படி நிற்காது.

கேள்வி: என் கணவர் மூன்று சாப்பிடுவார் என்கிறார். மூன்று ஆர்டர் செய்யலாமா?

வேண்டாம் அம்மா. ஒன்று கையளவுக்கு இருக்கும். பல கடைகளில் ஒன்று மட்டும் தருவார்கள், 5 அல்லது 6 யூரோ. முதலில் அதை வாங்குங்கள். மீதியை வீணாக்குவதைப் பார்த்தால் மனசு கேட்காது, கிழங்கைப் பிழிந்த அந்தக் கையை எனக்குத் தெரியும்.

கேள்வி: பிலியேஸ் தெருவில் நல்ல கடை எது?

இரண்டு தெரு தள்ளிப் போங்கள்.

கேள்வி: இந்திய உணவகம்?

உண்டு, தேடினால் கிடைக்கும். நாலு நாள் வருகிறவர் அங்கே ஒரு வேளையைச் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: சந்தையில் சாப்பிடலாமா? சைவம் கிடைக்குமா?

சைவத்துக்கு மேலே பாருங்கள். சந்தைக்குக் கட்டாயம் போங்கள்: 'ஹாலேஸ்', 1906இல் கட்டிய சந்தைக் கூடம், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். திங்கட்கிழமை மூடியிருக்கும். ஒரு பக்கம் புகைபோட்ட இறைச்சி, தேன், கறுப்பு ரொட்டி விற்கும் பாட்டிமார்கள், இன்னொரு பக்கம் உட்கார்ந்து சாப்பிடும் சின்னக் கடைகள். தேனை ருசி பார்க்கத் தருவார்கள்.

கேள்வி: சேலத்துக்காரன்தான் மறுபடி. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கப்போகிறேன். எந்தக் கிழங்கு, எவ்வளவு நேரம் தெளியவைக்க வேண்டும்?

புதுக் கிழங்கு வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். தோல் தடித்த பழைய கிழங்காக எடுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் அந்தப் பத்து நிமிடமும் பாத்திரத்தைத் தொடக் கூடாது. நாலு பேருக்கு இரண்டு கிலோ வாங்குங்கள், பிழிந்த பிறகு பார்த்தால் பாதிதான் இருக்கும். முதலில் உள்ளே ஒன்றும் வைக்காமல் நெல்லிக்காய் அளவு ஒரு உருண்டையைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் படிந்த மாவு போதவில்லை, இன்னும் கொஞ்சம் கிழங்கு மாவு சேர்த்துப் பிசையுங்கள்.